அழுகைக்கு எத்தனை மதிப்பெண்?

போன வாரம் சின்னமனூரில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் என் அண்ணன் மகள் அபிநயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் தூரத்து உறவுப் பெரியம்மா ஒருவர். சோற்றைப் பிசைந்துகொண்டே அபிநயாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா, நீ நாடகப் படிப்புதான படிச்ச? நீங்கள்லாம் நெனச்ச ஒடனே அழுவீகளாம்ல. எங்க, கொஞ்சம் அழுது காமி பாப்போம்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. பரிமாற வந்தவர்கூட ரச வாளியோடு நின்று சிரித்தார்.

அபிநயாவும் லேசாகச் சிரித்தாள். ரசம் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் சோறு உள்ளே இறங்கவில்லை.

ஒரு கல்யாண வீட்டுக் கிண்டலுக்கு இவ்வளவு ரோஷமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வியை அவளிடம் வேறு ஓர் இடத்தில், வேறு ஆட்கள், சிரிக்காமல் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்கும் இறங்காது.

என் அண்ணனுக்குக் கோம்பையில் தென்னந்தோப்பு. ஒரே மகள். அபிநயா என்று பெயர் வைத்தது அண்ணன்தான். டி.வி.யில் கேட்டுப் பிடித்துப்போய் வைத்தது. அர்த்தம் தெரிந்திருந்தால் வைத்திருக்க மாட்டார்.

டிகிரி முடித்ததும் அவள் பி.எட். போவாள் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அவளோ ஒரு பல்கலைக்கழகத்தில் நாடகமும் நடனமும் சேர்ந்த எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வில் ஆடிக் காட்டி, இடமும் வாங்கிவிட்டு வந்து நின்றாள். அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு, பல்கலைக்கழகம் என்ற சொல் கௌரவமாக இருந்ததாலோ என்னவோ, அவரே கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார்.

அங்கே என்ன சொல்லித் தருவார்கள்? எனக்கும் தெரியாது. அவள் விடுமுறைக்கு வரும்போது கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். விழக் கற்றுத் தருவார்கள் — அடிபடாமல். அடிவயிற்றிலிருந்து பேசக் கற்றுத் தருவார்கள். ஒரு வகுப்பு முழுக்க ஒன்றுமே செய்யாமல் நிற்க வைப்பார்களாம். கையை என்ன செய்வது, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உடம்பு தவிக்குமாம். அந்தத் தவிப்பு அடங்கினால்தான் நடிப்பு ஆரம்பிக்குமாம்.

இதைக் கேட்ட என் மதினி, நிற்பதற்கு ஒரு எம்.ஏ.வா என்று கேட்டார். அபிநயாவே விழுந்து விழுந்து சிரித்தாள்.

முட்டியெல்லாம் கன்றிப்போய்க் கிடக்கும். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர்களுடைய நடன ஆசிரியை, நிற்கும் நிலையைத் திருத்துவதற்கு முன்னால், "தொடலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம். வேண்டாம் என்றால் வாயால் சொல்லித் திருத்துவாராம். அதை ஏதோ அதிசயம் மாதிரி அவள் சொன்னாள். யோசித்துப் பாருங்கள்... ஒரு பெண்ணிடம் அனுமதி கேட்பது நம் ஊரில் அதிசயம்தானே?

இரண்டாம் ஆண்டில் துறை சார்பாக ஒரு பெரிய நாடகம் போட ஏற்பாடானது. வெளியிலிருந்து ஒரு பிரபல இயக்குநரை வரவழைத்தார்கள். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். முற்போக்கான மனிதர் என்று பெயர் எடுத்தவர். பெண் விடுதலை பற்றி நாடகம் போட்டவர். அபிநயாவுக்கு முக்கியமான வேடம் கொடுத்தார். அன்றைக்கு எனக்குப் போன் செய்தவள் சந்தோஷத்தில் அதையே மூன்று தடவை சொன்னாள்.

ஒத்திகையில் மூச்சுப் பயிற்சி. அவர் அவள் வயிற்றில் கை வைத்தார். கேட்கவில்லை. அவள் கையை விலக்கினாள். மறுபடி வைத்தார். மறுபடி விலக்கினாள். உடம்பு கூச்சம் உள்ளவள் கிராமத்துக்குப் போய் மாடு மேய்க்கலாம், மேடைக்கு வரக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் மாலை தனிப் பயிற்சி என்று வரச் சொன்னார். அங்கே நடந்ததை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியவர்களிடம் அவள் சொல்லிவிட்டாள்.

புகார் கொடுத்த மறுநாளே வேடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. விசாரணைக் கமிட்டி அமைத்தார்கள். துணைக்கு நான் போனேன். உள்ளே என்னை விடவில்லை. வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள்.

முதல் விசாரணையில் அபிநயா அழுதுவிட்டாள். சொல்லச் சொல்ல அழுகை வந்திருக்கிறது. அடக்க முடியவில்லை. கமிட்டியில் ஒரு பேராசிரியர், வேறு துறைக்காரர், அவள் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"நீங்க நினைச்சவுடனே அழறதுக்குப் பயிற்சி எடுத்தவங்கதானேம்மா?"

வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்து இதை அவள் என்னிடம் சொன்னபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அடுத்த தடவை அழவே மாட்டேன் அத்தை என்றாள்.

அழவில்லை. இரண்டாவது விசாரணையில் என்றைக்கு, எங்கே, என்ன என்று நிதானமாக, வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். குரல் நடுங்கவில்லை. கமிட்டித் தலைவியான அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாராம் — பாதிக்கப்பட்ட பெண் மாதிரியே தெரியவில்லையே என்று.

அழுதால் நடிப்பு. அழாவிட்டால் பொய். வேறு எப்படித்தான் அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பது?

கூட இருந்த மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒத்திகையில் கவனம் முழுக்கத் தங்கள் வசனத்தில் இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்கும் மார்க் வேண்டுமல்லவா?

கடைசி நாள் அந்தத் தலைவி அம்மையாரை வராந்தாவில் மடக்கிப் பிடித்தேன். என்னதான் முடிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கெட்டவர் இல்லை அவர். என் தோளைத் தொட்டுத்தான் பேசினார்.

"அவரும் ரொம்ப உடைஞ்சு போயிட்டார் மேடம். எங்க முன்னாடியே அழுதுட்டார். பாவம், எங்களுக்கே கஷ்டமா போச்சு."

வாழ்நாள் முழுக்க மேடையில் நின்ற மனிதர் அழுதார் — நம்பினார்கள். நேற்று படிக்க வந்தவள் அழுதாள் — பயிற்சி என்றார்கள். நடிப்புக்குக் கமிட்டி போட்டு மார்க் கொடுத்தால் அனுபவசாலிதானே ஜெயிப்பார்?

முடிவு வந்தது. இருவருக்கும் இடையே புரிதலில் ஏற்பட்ட கோளாறாம். அவருக்கு அறிவுரை, அவளுக்குக் கவுன்சிலிங். கூடவே துறை வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள் — மாணவிகள் ஒத்திகைக்கு உடலை முழுதும் மறைக்கும் உடையில் வர வேண்டும். அவ்வளவுதான். ஆண்களுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. அவர்களுடைய கை எப்படி வர வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை.

அதுவரைக்கும் அண்ணனுக்கு எதுவும் தெரியாது. இனி மறைப்பது சரியில்லை என்று அபிநயாவே போன் செய்து சொன்னாள். அவர் இடையில் ஒரு கேள்வி கேட்கவில்லையாம். மறுநாள் காலையில் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். நானும் கூட இருந்தேன். நன்றாகத் தூங்காத முகம். கையில் ஒரு காலி டிராவல் பேக்.

"நீ சொல்றத நம்புறேன்த்தா. நம்புறதுனாலதான் வந்துருக்கேன். எடுத்துவை, கெளம்புவோம்."

அபிநயா பையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நம்புறீக இல்லப்பா? அப்ப நான் ஏன் கெளம்பணும்?"

அண்ணன் பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நம்பாதவர்கள் 'இருந்து படி' என்கிறார்கள். நம்புகிறவர் 'விட்டுவிட்டு வா' என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் எங்கே நின்று படிப்பது?

அன்று அவரும் நானும் காலிப் பையோடேயே தேனி பஸ் ஏறினோம். இறங்கும்போது என்னிடம், "அங்கன ஒத்தையா விட்டுட்டு வந்துட்டமேத்தா" என்றார். மதினிக்கு இன்றுவரை இந்த விஷயம் பாதிதான் தெரியும். தெரிந்த பாதியையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அபிநயா அங்கேயே இருந்தாள். கூடப் படித்தவர்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய நாடகம் நடந்தது. இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேடம் பறிபோனவள் விளக்கு போடும் வேலை செய்தாள் — அதுவும் பாடத்தில் உண்டாம், வராவிட்டால் வருகைப் பதிவு போய்விடுமாம். அவர் மேடையில் நிற்கும்போது அவர் மேல் வெளிச்சம் போட்டதே அவள்தான். இதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும். அதைப் பார்க்க நான் போயிருந்தேன். அவளே எழுதியது. வளர்த்த நாயைப் பறிகொடுத்த ஒரு பெண் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வருகிறாள். கோம்பை நாய்; வாசலில் கட்டியிருந்ததை யாரோ கயிற்றை அறுத்துப் பிடித்துப் போய்விட்டார்கள். நாய் தானாகப் போயிருக்கும் என்கிறார்கள். நீ ஏன் வாசலில் கட்டினாய் என்கிறார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி வருகிறாள், மறுபடி சொல்கிறாள். சிரிப்பு குறைந்தது. மூன்றாம் தடவை வந்தபோது பேச்சே இல்லை. உடம்பு மட்டும் சொன்னது — கட்டியது, அறுந்தது, தேடியது, கூப்பிட்டது. அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அபிநயா அழவில்லை. கடைசிவரை அழவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்ன சொன்னார் தெரியுமா? உழைப்பு தெரிகிறதாம். உணர்ச்சி போதவில்லையாம்.

பாஸ் ஆகிவிட்டாள். ஊருக்கு வந்துவிட்டாள். இப்போது தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லித் தருகிறாள். சினிமாப் பாட்டுக்குத்தான்.

சின்னமனூர் கல்யாணத்தில் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய், முந்தாநாள் போடியிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். கோம்பை வீட்டுக் கூடத்தில் நாங்கள் எல்லோரும். மாப்பிள்ளையின் அம்மா கலகலப்பானவர். பெண் என்ன படித்திருக்கிறது என்று கேட்டார். எம்.ஏ. என்றார் அண்ணன். எம்.ஏ.வில் என்ன என்று கேட்டார்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"தமிழுங்க."

மதினி வேகமாகத் தலையாட்டினார். நான் காபி டம்ளரைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டேன்.

"தமிழு இல்லங்க," என்றாள் அபிநயா. "நாடகமும் நடனமும் படிச்சேன். மேடையில ஆடியிருக்கேன்."

அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, கலை என்றால் தங்கள் வீட்டில் எல்லோருக்கும் உயிர் என்று சொன்னார். மாப்பிள்ளை தன் போனைப் பார்த்தார். மிக்சரை யாரும் தொடவில்லை. வீட்டில் கலந்துபேசிவிட்டுப் போனில் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் கிளம்பினார்கள். போன் வரவில்லை. வராது.

கார் தெரு திரும்பியதும் அண்ணன் மகளிடம், "இன்னைக்கு ஒரு நாளு சும்மா இருந்துருக்கலாம்லத்தா" என்றார். திட்டவில்லை. கெஞ்சுகிற குரல். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கூடத்தில் அண்ணன் நடித்தார். மதினி நடித்தார். போடிக்காரர்கள் நடித்தார்கள். டம்ளருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நானும் நடித்தேன். எங்களில் ஒருவர்கூட அதற்காகப் படித்தவர் இல்லை.

படித்தவளுக்குத்தான் வரவில்லை.