டீச்சர் போறும்

எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். வாசலில் மூடி இல்லாத ஒரு சாக்கடை ஓடை தாராளம்.

திருவனந்தபுரத்தில் எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அந்த ஓடையைப் பற்றி நான் எப்போது கேட்டாலும், "ஷெரியாக்காம்" என்பார். சரி செய்துவிடலாம் என்று அர்த்தம். நான் தமிழில் கேட்டாலும் பதில் மலையாளத்தில்தான் வரும். தமிழ் பேசும் அக்ரஹாரத் தெருக்கள் நிறைந்த வார்டில் இத்தனை வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு ஒரு தமிழ் வார்த்தை வாயில் வராதா என்று எனக்கு அது தனி எரிச்சல். என் கணவர் நேர் எதிர். "குழாயில தண்ணி வராத அன்னிக்கு டாங்கர் லாரியோட தெருமுனையில நிக்கறது யாரு? ஓடையை மட்டும் பாக்காதே. என் ஓட்டு டீச்சருக்குத்தான்" என்பார். இதை வைத்தே எங்கள் வீட்டில் பல சாயங்காலங்கள் சூடாகக் கழிந்திருக்கின்றன.

நான் வேலை பார்ப்பது கருத்துக்கணிப்பு நடத்தும் ஒரு கம்பெனியில். கார்ப்பரேஷன் தேர்தலுக்கு முன்னால் டீச்சரின் கட்சியே எங்களிடம் வந்து நின்றது. மறுபடியும் டீச்சரை நிறுத்துவதா, புதிதாக ஒருவரை இறக்குவதா என்று உள்ளே பெரிய இழுபறி. கட்டாயம் ஓட்டுப் போடப் போகிறவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதுதான் முடிவு என்றார்கள். புதிதாக வர இருந்தவரை எங்கள் தெருவில் ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை.

எங்கள் புராஜெக்ட் தலைவர் சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், கெட்டிக்காரர். தமிழ்க்காரர்களிடம் தமிழில் கேட்டால்தான் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று, எங்கள் தெருக்களுக்கு மட்டும் சென்னைப் பெண்களை வைத்துப் போனில் பேசச் செய்தார். நான் அப்போது விழிஞ்ஞம் பக்கத்து வார்டுகளில் வெயிலில் அலைந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் வார்டின் முடிவு தயாராக இருந்தது. மலையாளிகள் டீச்சரோடு நின்றார்கள். தமிழ்த் தெருக்கள் அவரை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டன.

"இவ்வளவு வெறுப்பை நான் எங்கயும் பார்த்ததில்லைங்க" என்றார் அவர். "கேள்வியை முடிக்கறதுக்குள்ள பாதிப் பேர் வேணாம்னு சொல்லிடறாங்க. சாயங்காலம் கட்சி ஆபீஸ்ல ரிப்போர்ட்டைக் கொடுத்துடலாம்."

பொய் சொல்வானேன், முதலில் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஓடை பழி வாங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே மனசு உறுத்த ஆரம்பித்தது. டாங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்று டீச்சரிடம் ஊர்க்கதை பேசும் மாமிகளா கவிழ்த்தார்கள்? அந்த ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தால் டீச்சர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவர் வயதில் இன்னொரு வாய்ப்பு வராது.

யோசனையோடு கான்டீனுக்குப் போனேன். தலைவரும் கூட வந்தார். "டீயா, காப்பியாங்க?" என்று கேட்டார்.

"காப்பி போறும்" என்றேன்.

"ஏங்க, காலைலேர்ந்து நிறையக் குடிச்சிட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்கி வந்து வைத்தார்.

டீயைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். "நான் காப்பின்னுதானே சொன்னேன்?"

"போதும்னு சொன்னீங்களே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊர் மலையாளியிடம் டீயா காப்பியா என்று கேட்டால், "காப்பி மதி" என்பார். எனக்குக் காப்பியே கொடுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்று பொருள். அந்த 'மதி'யை எங்கள் வீட்டுத் தமிழ் எந்தக் காலத்திலோ 'போறும்' ஆக்கி எடுத்துக்கொண்டது. சென்னைக் காதுக்கு அது 'போதும், நிறுத்து'. இத்தனை வயது வரை அந்த வித்தியாசம் எனக்கும் தெரியாது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்க தெரு ஜனம் போன்ல பேசின ரிக்கார்டிங்கைப் போடுங்கோ. இப்பவே."

போட்டார். சென்னைப் பெண் மரியாதையாகக் கேட்கிறாள்: "இப்ப இருக்கற கவுன்சிலரே மறுபடியும் நிக்கலாமா, சார்?" பதில் வருகிறது: "டீச்சரா? ஓ, டீச்சர் போறும். போறும்."

அந்தக் குரல் என் கணவருடையது.

தெருவில் இருக்கிற அத்தனை பேரிலும் இவருக்குத்தான் போன் போக வேண்டுமா? அடக்க முடியாமல் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. "சார், இந்த மனுஷர் டீச்சருக்காக என்னோட சண்டை போடறவர். இவரை நீங்க எதிர்க்கட்சி ஆக்கிட்டேள்" என்றேன். இந்த ஊரில் 'ஓ' என்றால் 'ஆமாம்' என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வீம்பு பிடிக்கவில்லை. அடுத்த குரலைப் போட்டார், அதற்கடுத்ததையும். போறும், போறும் என்று எங்கள் தெருவே டீச்சருக்குக் கைதூக்கிக்கொண்டிருந்தது.

"நாம இங்க உக்காந்து கேட்டாப் பத்தாதுங்க. திரும்பப் போய்க் கேக்கணும், வேற மாதிரி" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கட்சிக்காரர்களிடம் அவகாசம் வாங்கியதும் அவர்தான்.

இந்த முறை இருவரும் நேரிலேயே போனோம். "டீச்சர் வேணுமா, வேற ஆள் வேணுமா?" என்று அப்பட்டமாகக் கேட்டோம். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்த ஒரு மாமி எரிந்து விழுந்தார்: "அதான் போன்லயே டீச்சர் போறும்னு சொன்னேனே! எத்தனை தடவை கேப்பேள்?" தலைவர் அந்த மாமியைக் கையெடுத்துக் கும்பிட்டார். மாமி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நாங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் முடிவு தலைகீழாகிவிட்டது.

கட்சி ஆபீஸில் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மலையாளிகள். தமிழ்த் தெருக்கள் கவிழ்த்துவிட்டன என்ற சேதி எப்படியோ முன்பே கசிந்திருந்தது. புதியவரின் ஆட்கள் முகத்தில் சிரிப்பு வழிந்தது. எங்கள் தலைவர் கம்ப்யூட்டரைத் திறந்து வரைபடமெல்லாம் காட்டப் போனார். எனக்கு அதுவரை பொறுமை இல்லை.

"சாரே, ஞங்ஙளுடெ போறும் எந்நு வெச்சா நிங்ஙளுடெ மதி. டீச்சர் மதி எந்நாணு அவர் பறஞ்ஞது" என்றேன். எங்கள் 'போறும்' உங்கள் 'மதி', டீச்சரே வேண்டும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள் என்று.

மூத்தவர் ஒருவர் மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. வரைபடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே டீச்சர்தான் வேட்பாளர் என்று முடிவானது. நான் படி இறங்கி வந்தபோது ஏதோ ராஜ்யத்தையே பிடித்துவிட்ட நடை எனக்கு. அந்த நடையோடுதான் வீட்டுக்குள் நுழைந்து என் கணவரிடம் காப்பி கேட்டேன்.

அடுத்த வாரம் வார்டு முழுக்கச் சுவரில் எழுதினார்கள். மலையாள எழுத்தில், எங்கள் வீட்டுத் தமிழில்: டீச்சர் போறும். மலையாளிகள் வீட்டுக் குழந்தைகள்கூட அதைக் கத்திக்கொண்டு ஓடின. எங்கள் சமையலறைகளுக்குள் மட்டும் புழங்கிய ஒரு சொல் சுவரேறி நின்றதை நான் ஸ்கூட்டரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

டீச்சர் ஜெயித்தார். நூலிழையில் அல்ல, அடித்துத் தூக்கிக்கொண்டு ஜெயித்தார்.

ஊர்வலம் செண்டை மேளத்தோடு எங்கள் தெருவுக்குள் வந்தது. என் வீட்டு ஓடைக்குப் பக்கத்தில்தான் ஜீப் நின்றது. பழைய கோபம் குபுக்கென்று எழும்ப, இன்றைக்குக் கேட்டே தீருவது என்று முன்னால் போய் நின்றேன். டீச்சர் மைக்கை வாங்கினார். வழக்கம்போல மலையாளத்தில் நன்றி வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனிக்கும் நீங்க போறும்" என்றார்.

தெரு அதிர்ந்தது. மாமிகள் கைதட்டினார்கள். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஓடையைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"போறும் டீச்சர், போறும்!" என்றுதான் வந்தது.