குறைக்காரர் வீட்டுக் கல்

ஏலக்கூடத்தில் அவரைக் குறைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வரும் பொருளையெல்லாம் சோதித்து, குறையைச் சீட்டில் எழுதிக் கட்டுவது அவர் வேலை. பாடம் செய்த ஆந்தைக்கு இடது கண் சட்டைப் பொத்தான். பெரிய சங்கின் நுனி வெறும் மெழுகு. இருநூறு வருஷத்துக் கடிகாரத்துக்குள் போன வருஷத்துத் திருகாணி. யார் முகத்துக்கும் தயவு பார்க்க மாட்டார். மனுஷனுக்குக் கல்நெஞ்சு என்பதே ஊர்ப்பேச்சு.

ஒவ்வொரு பொருளும் மேசைக்கு வந்ததும் ஏலக்காரர் அவர் பக்கம் திரும்பி, "குறை உண்டா?" என்பார். அவர் பதில் சொன்ன பிறகுதான் விலை கேட்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர் முப்பத்தாறு வருஷத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சோதிக்காமல் பட்டியலில் சேர்த்தார். அது அவர் வீட்டு வானத்துக் கல். ஆறு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தபோது, "அம்மா மேலேருந்து உனக்குப் போட்டதுடா" என்று அப்பா கொடுத்தது. வளர்ந்த பிறகு அம்மா போட்டதை நம்பவில்லை. வானத்திலிருந்து விழுந்ததை நம்பினார். தனக்குப் பிள்ளைகுட்டி இல்லை, அப்பா பெயரோடு அருங்காட்சியகத்தில் இருக்கட்டும் என்று ஆசை. ஏலத்தில் பேர் வாங்காத பொருளை அந்த அருங்காட்சியகத்துக்காரர் திரும்பியும் பார்க்க மாட்டாரே!

"அது பாட்டுக்கு வீட்டுல கிடக்கட்டும்டா" என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

ஏலத்தன்று காலையில் கை சும்மா இருக்கவில்லை. ஒரு மூலையை உப்புத்தாளில் தேய்த்தார். உள்ளே குமிழ் குமிழாக ஓட்டைகள். வானத்துக் கல்லில் இப்படி இருக்காது என்று அவரே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! இரும்பு உலையில் கழித்துக் கொட்டுகிற கசடு. அப்பா வேலை பார்த்ததும் இரும்பாலையில்தான்.

கல் மேசைக்கு வந்தது. முன்வரிசையில் அருங்காட்சியகத்துக்காரர், கடைசி வரிசையில் அக்கா.

"குறை உண்டா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா பெயர் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும்.

"உண்டு. இது வானத்துக் கல் இல்ல. உலைக் கசடு."

கூடமே சிரித்தது. ஏலக்காரர் மட்டும் சிரிக்காமல் அடுத்த பொருளைக் கூப்பிட்டார்.

பின்வாசல் படியில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாவப் பொய்யனாக்கிட்டேன்க்கா. அத்தனை பேரு முன்னாடி."

"அம்மா போனப்புறம் நீ மூணு நாளா ஒரு வாய் சாப்பிடல. இந்தக் கல்லக் கையில குடுத்தப்புறம்தான் வாயத் திறந்த."

"அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆலைக்குப் பின்னாடி, அந்தக் கசடு மேட்டுல, அப்பாகூடப் போய்ப் பொறுக்கினதே நான்தானேடா."

கல்நெஞ்சுக்காரர் என்று பேர் வாங்கியவர் அந்தப் படியிலேயே விம்மி விம்மி அழுதார்.