தையல்காரம்மா கட்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் அந்தக் கடைக்குள் கழுத்தில் இஞ்ச் டேப்போடு நுழைந்த முதல் ஆள் தையல்காரம்மாவாகத்தான் இருக்க வேண்டும். பாகங்களை மாட்டும் காலிப் பெட்டி ஒன்றின் பக்கக் கதவைக் கழற்றச் சொல்லி, உள்ளே டேப்பை விட்டு நீளம் பார்த்தார். முப்பத்தொன்றரை சென்டிமீட்டர். நோட்டில் குறித்துக்கொண்டார்.

"பையனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு. கேம் ஆட."

கடைக்காரர் வந்த சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு, "அப்படின்னா ரெடிமேட் செட்டே இருக்கே, எடுத்துக்கோங்க. எதுக்கு இதையெல்லாம் போட்டு மண்டையை உடைச்சுக்கறீங்க?" என்றார்.

இந்த வார்த்தையை அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். தையல்காரம்மாவின் பிழைப்பே ரெடிமேட் பேன்ட்டுகளைப் பிரித்து ஆளுக்குத் தக்கபடி தைத்துக் கொடுப்பதுதான். "ரெடிமேட் யாருக்குங்க சரியா வந்திருக்கு? வராததாலதான் இருபத்திரெண்டு வருஷமா எங்க வீட்ல அடுப்பு எரியுது" என்றார்.

நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று நீங்களும் கேட்கலாம், அவருடைய தங்கை கேட்டதைப் போல. விஷயம் இதுதான். ஞாயிறுதோறும் மதியம் மூன்று மணிக்கு இணையத்தில் ஐந்து பேர் ஒரு அணியாக நின்று கோட்டையைக் காக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதில் வாசலைக் காப்பது தையல்காரம்மாவின் வேலை. ஆனால் எதிரிகள் மொத்தமாக வாசலில் வந்து விழும் நேரம் பார்த்து அவருடைய பழைய கம்ப்யூட்டர் படத்தை அப்படியே நிறுத்திவிடும். மறுபடி அசையும்போது வாசலும் இருக்காது, அவரும் இருக்கமாட்டார்.

போன வாரம் கேப்டன், எங்கோ வேறு ஊரில் இருக்கும் ஒரு இளைஞன், நாசூக்காகத்தான் சொன்னான். "அக்கா, உங்க ஆட்டத்தில ஒரு குறையும் இல்ல. கம்ப்யூட்டர்தான் காலை வாருது. வர்ற ஞாயித்துக்கிழமையும் நின்னுபோச்சுன்னா வேற ஆளைப் போடறதைத் தவிர எனக்கு வழி இல்லக்கா."

அவருடைய தையல் கடையில் காலை ஒன்பது மணிக்குக் குனிந்த தலை ஆறு மணிக்குத்தான் நிமிரும். வருகிறவர்கள் துணியைப் பார்த்துப் பேசுவார்கள், கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பேச யாருக்கு நேரம்? ஆட்டத்தில் மட்டும்தான் நாலு பேர், "அக்கா வந்தாச்சா?" என்று தேடினார்கள். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லைதான்.

ஆகவே ஒரு வாரமாக விடாமல் படித்து, வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டிலேயே பாகங்களின் அளவுகளையும் எழுதி வைத்திருந்தார். கடைக்காரர் ஒரு மதர்போர்டை நீட்டி, "எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்றபோது நோட்டைப் புரட்டினார்.

"நான் எடுக்கிற பிராசசர் இதோட சாக்கெட்ல உக்காராதுங்க. இதுல மெமரியும் பழைய வகைதான் சேரும். அந்த மேல் தட்டுல இருக்கறதை எடுங்க."

கடைக்காரரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பவர் சப்ளை எடுக்கும்போது, "வாட்ஸ் கணக்குக்குச் சரியா இருந்தாப் போதுமே" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "ஒட்டப் பிடிச்சுத் தைச்சா உக்காரும்போது கிழிஞ்சுடும். ஒரு படி மேல குடுங்க" என்று வாயை அடைத்துவிட்டார் தையல்காரம்மா.

ஞாயிறு காலை துணி வெட்டும் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். திருப்புளிகள் அவருடையவை, உத்தரவு தையல்காரம்மாவுடையது. பிராசசர் அழுத்தாமலே தன் இடத்தில் உட்கார்ந்தது. மெமரி இரண்டும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. ஆட்டம் பதிந்திருந்த எஸ்எஸ்டி டிஸ்க்கைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாட்டினார்கள். மிச்சம், திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுதான். முப்பது சென்டிமீட்டர் கார்டு, முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் பெட்டி. தாராளம்.

கார்டு உள்ளே போகவில்லை.

சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பெட்டியோடு வந்து, முன்பக்கம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஃபேனில் இடித்தது. இரண்டரை சென்டிமீட்டர் தடிமன். கடையில் சுவருக்குச் சுவர் அளந்தவர் இடையில் இருந்த ஃபேனைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"லைனிங்கை மறந்துட்டேங்க" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷத்துல ஒரு கோட்டுக்குக்கூட லைனிங்கை விட்டு அளவெடுத்ததில்ல. எனக்குன்னு செய்யும்போது புத்தி எங்க போச்சு?"

அவமானமாக இருந்தது. கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டால் என்ன சொல்வார் என்பது வேறு காதில் கேட்டது. மணி பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

"லேசா ஒரு அழுத்து அழுத்தட்டுமா?" என்றார் கணவர்.

"கையை எடுங்க. இது லிஃப்ட் கதவு இல்ல."

ஃபேனையே எடுத்துவிடலாம். எடுத்தால் சூடேறி, நடு ஆட்டத்தில் மறுபடி படம் நிற்கும். பெட்டியை எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தவர், முன்பக்க மூடியைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்தது. மூடிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. டேப்பை வைத்தார்: இரண்டே முக்கால் சென்டிமீட்டர். அட்டையை ஃபேன் அளவுக்கு வெட்டி, வைத்து, மூடியை மூடிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை அளந்தார்.

"என்னங்க, ஃபேனை உள்ளேயிருந்து கழட்டி சட்டத்துக்கு வெளிப்பக்கம் போடுங்க. ஓட்டை அதே ஓட்டைதான்."

ஃபேன் வெளியே போனது, கார்டு உள்ளே போனது, மூடி முனகாமல் மூடிக்கொண்டது. இரண்டு மணிக்கு சுவிட்சைப் போட்டபோது திரையில் வெளிச்சம் வந்தது. கணவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, அதற்கும் திட்டு வாங்கினார்.

மூன்று மணி ஆட்டத்தில் ஐந்து எதிரிகளும் ஒன்றாகத் திரண்டு வாசலுக்கு வந்தார்கள். படம் நிற்கவில்லை. ஒரு நொடிகூட, ஒரு இழைகூட நிற்கவில்லை. முதல் இருவரைச் சாய்த்தார், அடி வாங்கினார், மூன்றாமவனை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மேற்குச் சுவரைக் காக்கவேண்டியவன்தான் நிஜமாகவே கோட்டை விட்டான். ஆட்டத்தில் அணி தோற்றுப்போனது. வாசல் கடைசிவரை விழவில்லை.

ஹெட்போனில் கேப்டன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, வேற ஆளை வரச் சொல்லியிருந்தேன். வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன். வாசல் உங்களுக்குத்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடுவீங்கல்ல?"

தையல்காரம்மா மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? மறுபடி நின்னுபோச்சா?"

தையல்காரம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. கணவர் அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு மெல்ல ஹெட்போனைக் கழற்றினார். "நின்னுபோச்சாக்கா?" என்ற குரல் அதில் இன்னும் கேட்டது. மைக்கைத் தன் வாய்க்குக் கிட்டே பிடித்தார்.

"தம்பி, நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. ரெண்டு நிமிஷம் குடுங்க."