எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்டது

செல்போன் கடையின் முதல் கவுண்டரில் நின்ற அவருக்கு ‘அடுத்த மாசம்’ என்று பேர். கூட வேலை செய்தவர்கள் வைத்தது. வெளிநாட்டில் புதிதாக ஏதாவது வெளியானால் போதும், மறுநாளே ஆட்கள் வந்து கண்ணாடி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வந்துவிட்டதா என்று கேட்பார்கள். “அடுத்த மாசம் சார்” என்பார். பொய் என்று அவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அவருடைய சின்ன நாட்டுக்கு எதுவுமே முதலில் வந்ததில்லை. பெரிய நாட்டுக்காரர்கள் வாங்கி, அலுத்துப்போன பிறகுதான் இங்கே பெட்டி இறங்கும். அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. ஒரு போன் தாமதமாக வந்தால் யார் குடி முழுகிவிடப் போகிறது?

மனைவிக்குக் காது மந்தமாகத் தொடங்கியபோது அவருடைய குடிதான் முழுகியது.

அவள் ஒரு பஸ் கம்பெனியின் விசாரணைப் பிரிவில் இருந்தாள். போனை எடுத்து, எந்த பஸ் எப்போது கிளம்பும், இடம் இருக்கிறதா என்று சொல்வதுதான் வேலை. ஒருநாள், “பையை விட்டுட்டேம்மா” என்று பதறிய ஒருவரிடம், “பையனை விட்டுட்டீங்களா? எந்த ஸ்டாப்ல?” என்று கத்தி, டிப்போவையே கிளப்பிவிட்டாள். இரண்டு டிரைவர்கள் பையனைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “எல்லாரும் வாயில துணியை அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்குங்க” என்றாள்.

நரம்பு தேய்கிறது, இன்னும் தேயும் என்றார் காது டாக்டர். அவர் கொடுத்த மிஷினை மாட்டிக்கொண்டு ரிசீவரைக் காதருகே கொண்டுபோனால் கீச்சென்று அலறியது. அதோடு, அது எல்லார் கண்ணிலும் பட்டது. “இதை மாட்டிக்கிட்டு நான் விசாரணையில உக்காந்தா, காது கேக்காதவளைப் போய் போன் எடுக்க வச்சிருக்கீங்களேன்னு கேக்க மாட்டாங்களா?” என்று கழற்றி வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அது வெளியானது. பாட்டுக் கேட்க எல்லாரும் காதில் செருகிக்கொள்கிறார்களே, அதே மாதிரி ஒரு ஜோடி. ஆனால் போனிலேயே காதைச் சோதித்து, கேட்காத சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும். கடைத் திரையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர், வாடிக்கையாளர் ஒருவர் எதிரே நிற்பதையே மறந்துவிட்டார்.

அதைத் தயாரித்த கம்பெனியின் பிரதிநிதி அடுத்த முறை கடைக்கு வந்தபோது, இவர் அவரைத் தனியாக ஓரமாகக் கூட்டிப்போனார்.

“சார், அந்தக் காது சமாச்சாரம் நமக்கு எப்போ வரும்? உண்மையைச் சொல்லுங்க.”

பிரதிநிதி நல்ல மனுஷன். மழுப்பவில்லை. “அது வைத்தியக் கருவியில சேர்த்தி. ஒவ்வொரு அரசாங்கத்துக்கிட்டயும் தனித்தனியா அனுமதி வாங்கணும். உங்க பாஷையில அதைப் பேச வைக்கணும், ரிப்பேருக்கு ஆள் போடணும். இவ்வளவும் செஞ்சு இங்க எத்தனை பேர் வாங்கப் போறாங்க?”

“அனுமதி கிடைக்க மாட்டேங்குதா?”

“கேட்டாத்தானே கிடைக்கும்? இன்னும் கேக்கவே இல்லை.”

வெளிநாட்டில் வேலை பார்த்த மைத்துனன் விடுமுறைக்கு வரும்போது ஒரு ஜோடி வாங்கி வந்தான். “அங்க நானே போட்டுப் பாத்தேன் மாமா, சூப்பரா வேலை செஞ்சுது” என்றான். இங்கே பாட்டு மட்டும் கேட்டது. ‘உங்கள் நாட்டில் இந்த வசதி இல்லை’ என்றது போன். தொழில் தெரிந்த மனிதர், தனக்குத் தெரிந்த தகிடுதத்தம் எல்லாம் செய்து பார்த்தார். எந்த மண்ணில் நிற்கிறோம் என்று அதற்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பக்கத்து நாடு பெரிய நாடு. அங்கே அந்த வசதி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு அவளை பஸ்ஸில் கூட்டிப்போனார். எல்லை தாண்டியதும் முதல் ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதி. ஜன்னலைச் சாத்தி, கட்டிலில் அவளை உட்காரவைத்தார். போன் எழுப்பிய சத்தம் காதில் விழும்போதெல்லாம் அவள் திரையில் விரலால் தட்டினாள். சோதனை முடிந்ததும் குளியலறைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“குழாய் சொட்டுது” என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, “உங்க மூக்கு விசில் அடிக்குதே! எப்போலேருந்து?”

“அது எப்பவும் அடிக்கும். இப்பத்தான் உனக்குக் கேக்குது.”

வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகளுக்குப் போன் போட்டாள். “என்னடி, சளி பிடிச்சிருக்கா? குரல் கட்டியிருக்கே” என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் மகள் ஓவென்று அழுததும் அவளுக்குக் கேட்டது. அன்று முழுக்க அவரைச் சாப்பிடக்கூட விடாமல் பேசவைத்தாள். கடைக்கதை, பழைய சண்டை, வாய்க்கு வந்தது எல்லாம் பேசினார்.

“இங்கயே இருந்துடலாமா?” என்றாள்.

“இங்க வந்து என்ன வேலை பாக்கறது?”

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். ஆனாலும் அவர் பதில் சொன்ன பிறகு அவள் முகம் சுருங்கியது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பின் சீட்டுக் குழந்தை பேசுவதை அவருக்கு அப்படியே ஒப்பித்துக்கொண்டு வந்தாள். எல்லையில் இறங்கி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு ஏறியபோதும் கேட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் போன் சொந்த ஊர் நெட்வொர்க்கைப் பிடித்தது. அவர் மகளின் கல்லூரியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவருடைய வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் பேச்சை நிறுத்தினார். அவள் இரண்டையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு விசாரணைப் பிரிவில் அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. புகார்கள் வந்தன. பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பின்னால் வந்த தள்ளுவண்டியின் சத்தம் கேட்காமல் கணுக்காலில் அடிபட்டாள். வேலையை விட்டு நின்றுவிட்டாள். மகளும் போன் செய்வதை விட்டு, செய்தி அனுப்பத் தொடங்கினாள். அவர் பிரதிநிதியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். பிறகு பிரதிநிதியே அவரைக் கண்டால் வேறு கவுண்டர் பக்கம் போக ஆரம்பித்தார்.

வருஷங்கள் கழித்து அந்தக் காது வசதி இங்கேயும் வந்தது. கடை வாசலில் பலூன் கட்டினார்கள். அவர் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, மதியமே வீட்டுக்கு ஓடினார். மைத்துனன் கொடுத்த அதே ஜோடியைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, அவள் காதில் தானே செருகினார். இந்த முறை போன் மறுப்பு சொல்லவில்லை. சோதனை தொடங்கியது. அவள் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விரல் அப்படியே நின்றது. நடுவில் ஒரே ஒரு தடவை தட்டினாள், அதுவும் சந்தேகமாக.

‘உங்கள் செவித்திறன் இழப்பு இந்தக் கருவியின் வரம்பைக் கடந்துவிட்டது. மருத்துவரை அணுகவும்.’

சொந்த பாஷையில், பிழையில்லாமல் எழுதியிருந்தது. அவள் எட்டிப் படித்தாள்.

“பரவாயில்லை விடுங்க. சாப்பிட்டீங்களா?” என்றாள். அளவு தெரியாத உரத்த குரல்.

அவர் தலையாட்டினார். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். தட்டும் கரண்டியும் மோதி எழுந்த இரைச்சல் அவளுக்குத் தெரியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். வாயைப் பொத்திக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.