அவர் பிடித்திருந்த சிலுவை

எழுபதுகளின் கடைசி. பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்காக, அம்மாவும் அண்ணனும் இருந்த ரப்பர் எஸ்டேட்டுக்கு வந்திருந்தேன். அப்போது ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, சிலிபினில் வாடகை அறையில் இருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே, "இந்த வருசம் நான் சிலுவை முத்தி செய்யப் போறதில்ல" என்பதுதான்.

ஏன் என்று அண்ணன்தான் சொன்னார். வழிபாட்டில் பாடுபட்ட சுரூபத்தை, ஆண்டவர் தொங்கும் பெரிய சிலுவையை, இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வரிசையாக வந்து அதன் பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்வார்கள். அந்த வருடம் பிடிப்பவர்களில் ஒருவர் எதிர் லயத்து வரிசை வீட்டில் இருந்த டிரைவர்.

முந்தைய வருடம் அவர் ஓட்டிய ரப்பர் பால் லோரி, மலையிறக்கத்தில் கவிழ்ந்தது. லோரியின் பின்தட்டில் ஏறி வந்த அண்ணனின் வலது கால் அதன் அடியில் சிக்கியது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. கள்ளு குடித்திருந்ததை டிரைவரே போலீசில் ஒப்புக்கொண்டார். அதன்பின் குடியை விட்டுவிட்டு, கோயிலைக் கூட்டுவதும் கழுவுவதுமாக இருந்தார். அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. குழாயடியில் அவர் மனைவியைக் கண்டால், வெறும் வாளியோடு திரும்பி வந்துவிடுவார்.

மூன்று மணி வெயிலில் கோயில் தகரக்கூரை கொதித்தது. வரிசை நகர ஆரம்பித்ததும் அண்ணன் ஊன்றுகோல்களை எடுத்தார். நான் கூடவே எழுந்தேன். அம்மா இடத்தைவிட்டு அசையவில்லை.

நாங்கள் நெருங்க நெருங்க பாட்டுச் சத்தம் குறைந்தது. எல்லாருடைய கண்ணும் எங்கள் மேல்தான். டிரைவர் தலையைத் தூக்கவில்லை. அவர் பிடித்திருந்த பக்கம் சிலுவை ஆடிக்கொண்டிருந்தது. ஆண்டவரின் பாதத்தை முத்தி செய்ய அண்ணன் குனிய வேண்டும். குனிந்தார். வழவழத்த சிமெண்டுத் தரையில் ஒரு ஊன்றுகோல் வழுக்கியது.

நான் எட்டிப் பிடிப்பதற்குள் டிரைவர் பிடித்துவிட்டார். ஒரு கையில் அண்ணனின் தோள், மறு கையில் சாய்ந்துபோன சிலுவை. எதிர்ப்பக்கம் பிடித்திருந்தவர் தடுமாறினார்.

"அவன தொடாத!"

அம்மாவின் குரல். பாட்டு நின்றே போனது. ஃபாதர் ஓரடி முன்னே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். டிரைவர் கையை எடுக்கப் பார்த்தார். எடுத்தால் அண்ணன் விழுந்துவிடுவார்.

"விடாதீங்கண்ணே," என்றார் அண்ணன், மெதுவாக. "சிலுவைய கொஞ்சம் மேல தூக்குங்க. என்னால குனிய முடியல லா."

சிலுவை மேலே வந்தது. அண்ணன் பாதத்தில் முத்தமிட்டார். டிரைவரின் முகம் அப்போது அவருடைய முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. அழுகையை அடக்கியதில் டிரைவரின் தாடை துடித்தது. என் முறை வந்தபோது நான் எதை முத்தமிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை, வெளியே போய்விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "அத்தன பேரு முன்னால அவன் கையிலயா சாஞ்சு நிப்ப?"

"அவரு புடிக்கலன்னா விழுந்திருப்பேன்மா."

"இன்னிக்குப் புடிச்சான். அன்னிக்கு ஸ்டேரிங்க ஒழுங்கா புடிச்சிருந்தா உனக்கு ரெண்டு காலும் இருந்திருக்கும்."

அண்ணன் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா சொன்னதில் பொய் இல்லையே. சின்ன வயதிலிருந்து கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறேன். சாப்பிடும் முன்னும், பஸ் ஏறும் முன்னும் நெற்றியில் வரைந்துகொள்கிறேன். அது இவ்வளவு கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த பெரிய வெள்ளிக்கும் டிரைவர்தான் பிடித்தார். அம்மா வரிசையில் போய் நின்றார். டிரைவர் முகத்தைப் பார்க்காமலே முத்தி செய்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆண்டவருக்குத்தான் குடுத்தேன்," என்றார், நான் கேட்காமலே. "அவனுக்கு இல்ல."

எண்பதுகளில் எஸ்டேட் கைமாறியதும் டிரைவர் குடும்பம் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் போனது. கிளம்பும் அன்று அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மா உள்ளே கூப்பிட்டு, கோப்பி கலக்கிக் கொடுத்தார்.