செல்வி காட்டு ஓணானும் என் வயிற்றெரிச்சலும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு புகைப்படம். அதை எடுத்தது நான் இல்லை என்பதுதான் முழுக் காரணம்.

செல்வியும் நானும் திருச்சியில் ஒரே கல்லூரியில் விலங்கியல் படித்தோம். எம்.எஸ்சி. முதல் வருடத்தோடு அவள் நின்றுவிட்டாள். அப்பா இறந்துபோனதால் குன்னத்தில் நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. நான் படித்து முடித்து, பதக்கமும் வாங்கி, கடைசியில் வங்கி வேலைக்குப் போனேன். லீவு கிடைத்தால் கேமராவோடு ஊர் சுற்றுவதும் அதை இந்த வலைப்பதிவில் எழுதுவதும் அப்படி வந்த பழக்கம்தான்.

சித்திரை பிறந்த வாரத்தில் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செல்வி ஒரு படம் போட்டாள். கைப்பேசியில் எடுத்தது. ஆண் விசிறித்தொண்டை ஓணான் ஒன்று கல்லின் மேல் நிற்கிறது. தொண்டையின் வெள்ளை விசிறி முழுதாக விரிந்திருக்கிறது, நடுவில் நீலக் கோடு. ‘எங்க காட்டு ஓரம்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். எங்கள் பேராசிரியர் அதைப் பாராட்டி இரண்டு பத்தி எழுதினார். எனக்கு அவர் இரண்டு வார்த்தைகூட எழுதியதில்லை.

மூன்று வருடமாக அந்த ஓணானைத் தேடிக்கொண்டிருந்தவள் நான். என் லென்ஸ் விலைக்கு செல்வியின் கைப்பேசி ஐந்து வாங்கலாம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை நான்கரைக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினேன். செல்விக்குச் சொல்லவில்லை. சிறுவாச்சூரில் கோயில் திருவிழாக் கூட்டம் ஏறியதில் பஸ் கால் மணி நேரம் நின்றது. ஆறு மணிக்குப் பெரம்பலூர் வந்து இறங்கியபோது கோடைத் தூறல். புதுப் பேருந்து நிலையம் அருகே லாட்ஜில் அறை எண்ணூறு ரூபாய், வெந்நீர் கிடையாது.

காலை ஐந்தேகாலுக்கு ஆட்டோ பிடித்தேன். குன்னம் சுமார் இருபது கிலோமீட்டர். ஐந்நூறு ரூபாய் பேசினோம்.

“இந்நேரத்துக்குக் குன்னத்துல யாரு வூட்டுக்கும்மா?” என்றார் ஓட்டுநர்.

“வீட்டுக்கு இல்லங்க. ஓணான் பாக்க.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஓணானுக்கா ஆட்டோ வெச்சிட்டுப் போறீங்க? எங்க வூட்டுக்கு வாங்க, கொல்லையில நாலு கெடக்கு, சும்மாவே காட்டறேன்.”

செல்வியின் காட்டை (அங்கே வயலைத்தான் காடு என்பார்கள்) எனக்குத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு வந்தபோது சுற்றிக் காட்டியிருக்கிறாள். இப்போது மக்காச்சோளம் அறுத்து வெறுமையாகக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் சின்ன வெங்காயம் பச்சையாக நின்றது. ஐந்து ஐம்பதுக்கு நான் வரப்பில் ஏறியது திருடி ஏறுவது போலத்தான். யாரும் எழுந்து வருவதற்குள் படத்தை எடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட வேண்டும் என்பது திட்டம்.

ஒரு ஓணான்கூட இல்லை. மண் ஈரம், வானம் மூட்டம். ஆறரை ஆனது, ஏழு ஆனது. கேட்டால் சிரிப்பீர்கள். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி அது. வெயிலிடம்தான் வாங்க வேண்டும். வெயிலே இல்லாத நேரத்தில் அது மண்ணுக்குள்ளும் கல்லிடுக்கிலும் விறைத்துப்போய்க் கிடக்கும். இதைப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியவள், விடியற்காலையில் போய்த் தேடிக்கொண்டிருந்தேன். பறவைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். பறவைக்கு உள்ளேயே அடுப்பு எரிகிறது, அது இருட்டிலேயே எழுந்துவிடும்.

வரப்போரத்தில் பருத்திமார், அதாவது பிடுங்கிப் போட்ட காய்ந்த பருத்திச் செடிகள், குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில்தான் பார்த்தேன். கண்ணாடி விரியன். கை மொத்தம், சுருண்டு, அசையாமல் கிடந்தது. ஒரு சங்கிலி கழற்றி வைத்தது போல உடம்பு முழுக்க வட்டங்கள்.

பயந்தேனா என்றால், இல்லை. ‘செல்வியிடம் இது இல்லை’ என்பதுதான் முதலில் தோன்றியது. குளிர்ந்த உடம்பு, மந்தமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான்கடி தூரத்தில் ஈரமண்ணில் குப்புறப் படுத்தேன். பாம்பின் கண் மட்டத்துக்கு லென்ஸ் வந்தது. ஏழே கால் வாக்கில் மேகம் விலகி வெயில் சரியாக அதன் முதுகில் விழுந்தது. என்ன வெளிச்சம் என்று சொக்கிப்போய் இன்னும் ஓரடி முன்னால் ஊர்ந்தேன். எனக்குப் படமெடுக்கக் கிடைத்த அதே வெயில் அதற்குச் சூடேற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று குக்கர் ஆவி விடுவது போல நீளமாகச் சீறியது. கழுத்து எஸ் வடிவில் பின்னால் வளைந்தது.

“மாலா! அசையாத!”

செல்வியின் குரல். வெங்காயத்துக்குத் தண்ணீர் விட வந்தவள், வரப்பில் நின்றிருந்தாள்.

“கைய நீட்டாத. கேமராவ வுட்டுரு. முட்டியால அப்படியே பின்னாடி போ. மெதுவா. மெதுவாடி!”

போனேன். ஆறடி, எட்டடி. பாம்பு சீறலை நிறுத்தாமல் மெல்லச் சுருள் பிரிந்து பருத்திமாருக்குள் போனது. எழுந்து கேமராவை எடுக்கப் போனேன். செல்வி என் கையைப் பிடித்து வரப்பில் உட்காரவைத்தாள்.

“போன ஐப்பசியில எங்க பக்கத்துக் காட்டுக்காரரு கால இதுகிட்டதான் குடுத்தாரு. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில பதினோரு நாளு கெடந்து பொழச்சி வந்தாரு. மந்தமா இருக்குன்னு நெனச்சியா? ஓடறதுக்குத்தான்டி அது மந்தம். கடிக்கறதுக்கு இல்ல.”

உயிரைக் காப்பாற்றியவளிடம் நன்றிதான் தோன்ற வேண்டும். எனக்கு, இதுவும் இவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்றுதான் இருந்தது.

ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு, ஒரு கழியால் என் கேமராவை இழுத்து எடுத்து வந்தாள். தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். “ஓணானுக்குத்தான வந்த? ஒன்பது மணி ஆவட்டும். கல்லு சூடாவணும்.”

எட்டு ஐம்பதுக்கு ஒரு கல்லடியிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. வெளியே வந்ததும் அது விசிறியை விரிக்கவில்லை. உடம்பைத் தட்டையாக்கி, வெயிலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் படுத்துக்கொண்டது. நிறம் கிட்டத்தட்டக் கருப்பு. கருநிறம் சூட்டைச் சீக்கிரம் வாங்கும். இருபது நிமிடத்தில் நிறம் வெளிறி மண் நிறமானது. பிறகுதான் கல் உச்சிக்கு ஓடி ஏறி, தலையை ஆட்டி, அந்த வெள்ளை விசிறியைத் திறந்தது. இருநூற்றுப் பதினான்கு படங்கள்.

“இப்ப பாரு,” என்றாள் செல்வி பத்தரைக்கு. “கையால கல்லத் தொடு. சுடுதா? இனி எறங்கிடும்.” சொல்லி முடிக்கவில்லை, ஓணான் கால்களை நிமிர்த்தி வயிற்றைக் கல்லிலிருந்து தூக்கியது. பிறகு பின்னங்கால் இரண்டில் மட்டும் எழுந்து, வெந்த மண்ணில் ஓடி ஒரு புதரின் நிழலுக்குள் மறைந்தது. எங்களோடு வந்த அவள் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது. வரப்பில் காக்கை அலகைப் பிளந்துகொண்டு நின்றது. என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாய், காக்கை, நான், மூன்று பேரும் உள்ளே எரியும் சூட்டை வெளியே தள்ளப் பாடுபட்டோம். ஓணான் வெயிலிலிருந்து நிழலுக்கு இடம் மாறியதோடு சரி.

“நாம மூணு வேள திங்கறதுல பாதி இந்தச் சூட்டுக்கே போவுது. அதுக்கு நாலு எறும்பு போதும். குடுத்து வெச்சது,” என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டாள். அரியலூர் பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் கேட்டாள்.

“சொல்லாம ஏன்டி வந்த?”

“திடீர்னு கிளம்பிட்டேன்.”

“பொய்யி. என் படத்துக்கு எல்லாரும் எழுதுனாங்க. நீ ஒரு கட்டைவெரல்கூட காட்டல. ரெண்டு நாளு ஃபோனையே பாத்துட்டு இருந்தேன்.”

“பொறாமைதான்,” என்றேன். சொல்லிவிட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்வி சிரிக்கவில்லை. “நீ மெடல் வாங்குன படம் போட்டல்ல, அப்ப நான் பருத்தி எடுத்துட்டு இருந்தேன். அன்னிக்கு அம்மாவ, மாட்ட, எல்லாத்தையும் திட்டுனேன். நானும் உனக்கு ஒண்ணும் எழுதல. நீ கவனிச்சியா?”

கவனிக்கவில்லை. அவள் எழுதாததே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

அரியலூரில் சிமென்ட் லாரிகளுக்கு நடுவே ரயில் நிலையத்துக்கு நடந்து, திருச்சி ரயிலைப் பிடித்தேன். ஒரு மணி நேரப் பயணம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா “ஏன் கண்ணு அழற?” என்றார். தூசி என்றேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: சித்திரையிலிருந்து ஆனி வரை, காலை எட்டரை முதல் பத்தரை. அதற்கு முன்னால் போவது வீண், பின்னால் போவதும் வீண். கணுக்கால் மூடும் காலணி போடுங்கள். பருத்திமார் பக்கம் உட்காராதீர்கள், படுக்கவே படுக்காதீர்கள். கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனை. அது யாருடைய காடோ அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

என் படங்களில் ஒன்று உண்மையாகவே நன்றாக வந்திருக்கிறது. செல்வி எடுத்ததைவிட நன்றாக. இருந்தும் பொறாமை தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இதைத் தட்டச்சு செய்யும்போது திங்கட்கிழமை காலை பத்தேகால். வங்கியில் ஏசி ஓடுகிறது, டோக்கன் எண் பன்னிரண்டு எதிரே நிற்கிறார். குன்னத்தில் இந்நேரம் கல் சூடாகியிருக்கும்.