வால்வைத் திறந்த ஊமைக்கோட்டான்

இப்போது பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், தொழிற்சாலையில் என் அண்ணனுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். இரவில் சாலைக்கோடு பளபளக்கப் பெயிண்டில் தூவுவார்களே, கடுகைவிடப் பொடிசான கண்ணாடி மணி, அதை மேல்தொட்டியிலிருந்து டிரம்மில் நிரப்புவது அவன் வேலை. நான் அங்கேயே மூட்டை தைத்தேன். எடை போடும் பெண்மேல் அவனுக்கு உயிர். ஆனால் அவளிடம் பேசியதெல்லாம் "டிரம் வந்துடுச்சு" மட்டும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்!

அன்று அவளுக்கு அங்கே கடைசி நாள். அடுத்த ஊர்க் கிளைக்கு மாற்றல். "இன்னிக்கும் சொல்லலன்னா நானே போய்ச் சொல்லிடுவேன், பாத்துக்க" என்று காலையிலேயே மிரட்டி வைத்தேன்.

மதியம் அவள் கதவோரம் வந்து, "போயிட்டு வரேங்க" என்றாள். இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழாய்க்குக் கீழே டிரம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வால்வை முழுசாகத் திறந்துவிட்டான். அங்கே இருந்ததோ இரும்பு முக்காலி. அதன்மேல் கழுவிக் கவிழ்த்து வைத்த இவனுடைய டம்ளர்.

மணிக்கட்டுப் பருமனில் கொட்டிய மணி டம்ளரின் அடியில் மோதியது. கண்டபடி தெறிக்கப்போகிறதென்று முகத்தை மூடிக்கொண்டேன். எங்கே தெறித்தது! கரண்டி முதுகில் குழாய்த் தண்ணீர் விழுந்தால் விரியுமே, அதேபோல மெல்லிசாக, வழவழவென்று, குடையாக விரிந்தது.

"ஐயையோ, தண்ணி!" என்று ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவளும் ஓடிவந்து குடைக்குள் கையை விட்டாள். "ஈரமே இல்லியே!" அவளுக்குச் சிரிப்புத் தாளவில்லை. எனக்கும்தான்.

"எப்படிங்க இது?"

"ஒண்ணு ரெண்டா விழுந்தா தெறிச்சு ஓடிடும்" என்றான் அண்ணன். ஆமாம், அண்ணனேதான்! "நெருக்கியடிச்சு விழுறப்ப தனியா ஓட இடம் ஏது? தண்ணி மாதிரி சேர்ந்தேதான் விரியும்."

மேற்பார்வையாளர் தொண்டை கிழியக் கத்தினார். "முதல்ல வால்வை மூடுங்க" என்றாள் அவள்.

"மூடினா நீங்க போயிடுவீங்களே."

அத்தனை பேரும் வாயைப் பிளந்தோம். அவள் முகம் சிவக்க, தானே எட்டி வால்வை மூடினாள். "அடுத்த ஊருக்குத்தானே போறேன்? பஸ் ஓடுதுல்ல? ஞாயித்துக்கிழமை அம்மா வீட்ல இருப்பாங்க. தங்கச்சியக் கூட்டிட்டு வந்து பேசுங்க."

பிறகு மூவருமாகத் தரையைக் கூட்டினோம். மணியில் வழுக்கி வழுக்கி விழுந்தேன். வலிக்கவே இல்லை.

இப்போது அவள் என் அண்ணி. அண்ணனோ விடிந்தால் அடைந்தால் பேச்சு, பேச்சு, பேச்சு. சாப்பாடு ஆறிப்போகிறது. அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறாள்: "ஐயோ, வால்வை மூடுங்க!"

அவன் அன்றைக்குச் சொன்ன அதே பதிலைத்தான் சொல்கிறான்.